பிப்ரவரி 1: கல்பனாவை நினைப்பதும் கற்பிப்பதும்

(சாயல்குடியில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் நாட்களைப் பள்ளியில் கொண்டாடுவது எப்படி என்பது இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் கொண்டாட முடியாத ஒரு நாளை எடுத்துக்கொண்டு பேச உங்கள் அனுமதியைக் கேட்கிறேன். அந்த நாள் பிப்ரவரி 1.

விண்வெளிப் பயண வரலாற்றில் ஜனவரி கடைசி வாரம் ஒரு துக்க வாரம். 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 கலத்தில், தரையில் நடந்த ஒத்திகையின்போதே தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் திரும்பி வரும் வழியில் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லா. நாசா ஆண்டுதோறும் இந்த நாட்களை ஒட்டி நினைவு நாள் அனுசரிக்கிறது. நமக்கோ பொங்கல் விடுமுறை முடிந்து, குடியரசு நாள் கொடியேற்றமும் முடிந்து, திருப்புதல் தேர்வுக்கு ஓடிக்கொண்டிருக்கும் நேரம். இருந்தாலும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பத்து நிமிடமும் வகுப்பில் ஒரு பாடவேளையும் இதற்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கர்னாலில் இருந்து கொலம்பியா வரை

கல்பனா ஹரியானாவில் உள்ள கர்னால் என்ற ஊரில் பிறந்தவர். அங்குள்ள தாகூர் பால நிகேதன் பள்ளியில் படித்தார். சண்டிகர் பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் விமானப் பொறியியல் எடுத்தார். அந்தப் பிரிவில் பெண் பிள்ளைகளைப் பார்ப்பதே அரிதாக இருந்த காலம் அது. 1982-இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர், 1988-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1994 இறுதியில் விண்வெளி வீரராகத் தேர்வானார். 1997 நவம்பரில் முதல் பயணம்.

அந்த முதல் பயணத்தில் ஒரு சிக்கல் வந்தது. விண்ணோடத்தின் இயந்திரக் கை மூலம் வெளியே விட்ட ஸ்பார்ட்டன் என்ற ஆய்வுக் கலம் சரியாக இயங்கவில்லை. கையை இயக்கியவர் கல்பனா என்பதால் பேச்சு அவர் மீது திரும்பியது. பின்னர் நடந்த விசாரணை, மென்பொருள் அமைப்பிலும் வகுத்திருந்த நடைமுறைகளிலும் இருந்த குறைகளே காரணம் என்று கண்டு, அவர் மீது பழி இல்லை என்று தெளிவாக்கியது. அதன் பிறகுதான் இரண்டாவது பயணத்துக்குத் தேர்வானார். யார் செய்தது என்று கேட்பதோடு நில்லாமல் எதனால் நடந்தது என்று கேட்கும் விசாரணை ஒருவரின் வாழ்க்கையைக் காப்பாற்றும் என்பதற்கு இது ஒரு சான்று.

இரண்டாம் பயணம் 2003 ஜனவரி 16 அன்று தொடங்கியது. ரிக் ஹஸ்பண்ட், வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், கல்பனா சாவ்லா, லாரல் கிளார்க், இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரர் இலான் ரமோன் என்று ஏழு பேர். இரண்டு குழுவாகப் பிரிந்து இரவு பகலாக வேலை செய்து ஏறத்தாழ 80 ஆய்வுகளை முடித்தார்கள். ஜனவரி 28 அன்று, சேலஞ்சரிலும் அப்போலோ 1-இலும் இறந்தவர்களுக்காக விண்வெளியில் இருந்தபடியே மௌனம் காத்து அஞ்சலி செலுத்தினார்கள். நான்கு நாள் கழித்து, நம் நேரப்படி சனிக்கிழமை இரவு ஏழரை மணி வாக்கில், தரையிறங்க ஏறத்தாழ 16 நிமிடம் இருக்கும்போது, டெக்சாஸ் மாநிலத்துக்கு மேலே சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் கலம் சிதறியது.

அப்போது நான் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் இருந்த ஒரே தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி அத்தனை பேரும் நின்றோம். நீல வானத்தில் நான்கைந்து வெள்ளைக் கோடுகள் பிரிந்து பிரிந்து போவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அது விபத்து என்பது மட்டும்தான் அன்று புரிந்தது. எதனால் என்பதைப் பின்னாளில் ஆசிரியராகி, பாடம் நடத்துவதற்காகத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நுரைத் துண்டு

விண்ணோடத்தோடு இணைந்திருக்கும் பெரிய எரிபொருள் தொட்டியின் மேல் நுரைப் பூச்சு இருக்கும். உள்ளே இருக்கும் கடுங்குளிர் திரவங்களைக் காக்கும் பூச்சு அது. கொலம்பியா புறப்பட்டு 82 வினாடி ஆனபோது அந்த நுரையில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. எடை முக்கால் கிலோ அளவு. மெத்தை ஸ்பாஞ்சு போல எடையற்ற பொருள். அது மோதி என்ன ஆகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மோதிய வேகம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல்.

இறக்கையின் முன்விளிம்பில் இருந்தவை வெப்பம் தாங்கும் கார்பன் தகடுகள். வளிமண்டலத்துக்குள் திரும்ப நுழையும்போது அங்கே வெப்பம் 1,600 டிகிரி செல்சியசையும் தாண்டும். தகட்டுக்குப் பின்னால் இருந்த இறக்கையின் சட்டமோ அலுமினியம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும் என்பது நம் மாணவர்களுக்கே தெரியும். தகட்டில் விழுந்த ஓட்டை வழியாக வெப்பக் காற்று உள்ளே புகுந்தது. மீதியை விளக்கத் தேவையில்லை.

என்னை மிகவும் பாதித்தது இதற்கு அடுத்த செய்தி. நுரை மோதியது மறுநாளே தெரிந்துவிட்டது. படக்காட்சியைப் பார்த்த பொறியாளர்கள் சிலர் கவலைப்பட்டார்கள். சேதம் எவ்வளவு என்று பார்க்க, விண்வெளியில் இருக்கும் கலத்தைப் படம் எடுத்துத் தரும்படி ஒருமுறைக்குப் பலமுறை கேட்டார்கள். அந்தக் கோரிக்கை மேலே போய்ச் சேராமலும், சேர்ந்த இடத்தில் தேவையில்லை என்று கைவிடப்பட்டும் போனது. முந்தைய பயணங்கள் பலவற்றிலும் நுரை பெயர்ந்து விழுந்திருந்தது. மூன்று மாதம் முன்பு, 2002 அக்டோபரில்கூட விழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. அதனால் இது பராமரிப்புச் சிக்கல்தான், பாதுகாப்புச் சிக்கல் அல்ல என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. கவலைப்பட ஏதுமில்லை என்று விண்கலத்தில் இருந்தவர்களுக்கும் செய்தி அனுப்பினார்கள்.

கடற்படை அதிகாரியாக இருந்த ஹெரால்டு கேமன் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அவர்கள் ஏட்டில் எழுதி முடிக்கவில்லை. 2003 ஜூலையில் அதே அளவு நுரைத் துண்டை அதே வேகத்தில் ஓர் உண்மையான கார்பன் தகட்டின் மீது சுட்டுப் பார்த்தார்கள். தகட்டில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டை விழுந்தது. ஆகஸ்டில் வெளிவந்த அறிக்கை, நுரை எந்த அளவுக்குக் காரணமோ அந்த அளவுக்கு நிறுவனத்தின் பழக்கவழக்கமும் காரணம் என்று சொன்னது. கீழே இருப்பவரின் ஐயம் மேலே போவதற்கு வழி இல்லாமல் போனதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

ஓர் ஆசிரியரின் இழப்பு

இதே பாடம் 17 ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டிருந்தது. சேலஞ்சரில் இறந்த ஏழு பேரில் கிறிஸ்டா மெக்காலிஃப் நம்மைப் போல ஒரு பள்ளி ஆசிரியர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கார்டு ஊரில் சமூக அறிவியல் நடத்தியவர். விண்வெளிக்குச் செல்லும் முதல் ஆசிரியராக 11,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் இருந்து தேர்வானார். அங்கிருந்து இரண்டு பாடங்கள் நடத்துவதாகத் திட்டம். அதைப் பார்க்க அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் குழந்தைகள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார்கள்.

திட எரிபொருள் ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போய், இடைவெளியை மூடத் தவறியதுதான் அந்த விபத்துக்குக் காரணம். முந்தின நாள் இரவே அந்த ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். முதலில் ஒப்புக்கொண்ட நிறுவன மேலாளர்கள், பேச்சு நீண்டதும் முடிவை மாற்றிக்கொண்டார்கள். விசாரணையின்போது இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபெய்ன்மன், அந்த ரப்பரில் ஒரு துண்டை இறுக்கிப் பிடித்து ஐஸ் தண்ணீரில் போட்டு, வெளியே எடுத்து, அது பழைய வடிவத்துக்கு உடனே திரும்பவில்லை என்பதை எல்லோர் முன்னும் காட்டினார். ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு ரப்பர் துண்டும்தான் செலவு. அந்தச் சோதனையை ஏவுவதற்கு முன் செய்து காட்டியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியாது.

கிறிஸ்டாவுக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றிருந்த ஆசிரியர் பார்பரா மோர்கன், 21 ஆண்டு காத்திருந்து 2007-இல் விண்வெளிக்குச் சென்றார். கிறிஸ்டா நடத்த எண்ணியிருந்த பாடங்களில் சிலவற்றை, முன்பு ஆசிரியர்களாக இருந்த இரண்டு வீரர்கள் 2018-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நடத்தி முடித்தார்கள். ஓர் ஆசிரியருக்குச் செய்யக்கூடிய அஞ்சலி இதைவிட வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நம் பனையும் நம் கடலும்

இதையெல்லாம் ஒருமுறை ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "செத்துப்போவோம்னு தெரிஞ்சே ஏன் சார் போனாங்க?" நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி சொன்னாள்: "எங்கப்பா கடலுக்குப் போறாங்கல்ல. அது மாதிரித்தான்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. மூக்கையூர், நரிப்பையூர், வாலிநோக்கம், ஒப்பிலான் என்று நம் கடற்கரை ஊர்களில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு ஆபத்து என்பது பாடப்புத்தகச் சொல் அல்ல. ஊருக்குள் வந்தால் பனை. நம் சாயல்குடிக் கருப்பட்டி வெளியூர்க் கடைகளில் பேர் சொல்லி விற்கிறது. அதற்காக ஒருவர் விடிவதற்குள் எத்தனை மரம் ஏறி இறங்குகிறார் என்பதை நம் பிள்ளைகள் வீட்டிலேயே பார்க்கிறார்கள். ஆபத்தான வேலையைப் பற்றி இவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களிடம் இருந்து தொடங்கினால் போதும்.

அப்படித்தான் தொடங்கினேன். பனையேறும் பெரியவர் ஒருவரிடம் பேட்டி எடுத்து வரும்படி நான்கு மாணவர்களை அனுப்பினேன். அவர்கள் எழுதி வந்ததன் சாரம் இது. ஏறுவதற்கு முன் ஒவ்வொரு நாளும் தளைநாரை இழுத்துப் பார்ப்பார். நேற்றுத் தாங்கியது என்பதற்காக இன்று பார்க்காமல் ஏற மாட்டார். மழை பெய்து மரம் வழுக்கினால் ஏறமாட்டார். அன்றைய வருமானம் போனாலும் போகட்டும். நாற்பது வருடமாக ஏறுகிறவர் அவர். பழகிவிட்டது என்று நினைக்கிற நாள்தான் ஆபத்தான நாள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்.

கொலம்பியா விசாரணை அறிக்கை பல பக்கங்களில் சொன்னதும் இதைத்தான். பலமுறை நுரை விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை, ஆகவே ஆபத்து இல்லை என்ற முடிவு தளைநாரை இழுத்துப் பார்க்காமல் ஏறுவதற்குச் சமம்.

இங்கே ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. கடலுக்குப் போவதும் விண்வெளிக்குப் போவதும் ஒன்றுதான் என்று நாம் முடித்துவிடக் கூடாது. கல்பனா விரும்பித் தேர்ந்தெடுத்த ஆபத்து அது. அந்தத் தந்தைக்குத் தேர்ந்தெடுக்க அவ்வளவு வழி இல்லை. ஆனால் இருவருக்கும் பொதுவான உரிமைகள் சில இருக்கின்றன. போகும் வழியில் உள்ள ஆபத்து என்ன என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் உரிமை. தவிர்க்கக்கூடிய ஆபத்தை மற்றவர்கள் தவிர்த்துக் கொடுப்பார்கள் என்று நம்பும் உரிமை. திரும்பி வராவிட்டால், ஏன் என்று யாராவது விடாமல் கேட்பார்கள் என்ற உறுதி. விண்வெளி வீரருக்கு வெப்பம் தாங்கும் தகடு எப்படியோ, கடலுக்குப் போகிறவருக்கு உயிர்காப்புக் கவசமும் புயல் எச்சரிக்கையும் அப்படி.

'தியாகம்' என்ற சொல்லை நாம் சற்று நிதானித்துப் பயன்படுத்த வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். கட்டுரைப் போட்டிகளில் பிள்ளைகள் கல்பனா அறிவியலுக்காக உயிர்த் தியாகம் செய்தார் என்று எழுதுகிறார்கள். மனம் நெகிழ்ந்து எழுதுவதுதான், தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் உயிரைக் கொடுக்கப் போகவில்லை. ஆய்வு செய்துவிட்டுத் திரும்பி வருவதற்காகப் போனார். தியாகம் என்று சொல்லி மாலை போட்டுவிட்டால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். நுரைத் துண்டும், நிராகரிக்கப்பட்ட கோரிக்கையும் அந்த மாலைக்குள் மறைந்துவிடும். அடுத்தமுறை போகிறவருக்கு நாம் செய்யும் துரோகமாக அது முடியும்.

நினைவு கூர்ந்த விதம்

கொலம்பியாவின் துண்டுகளைத் தேடி 25,000-க்கும் மேற்பட்டோர் காடு மேடெல்லாம் வரிசையாக நடந்தார்கள். அந்தத் தேடலில் ஈடுபட்டிருந்த ஹெலிகாப்டர் விழுந்து இருவர் இறந்தார்கள். ஏறத்தாழ 84,000 துண்டுகள் கிடைத்தன. கலத்தின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுதான் அது. அவற்றை இன்றும் பாதுகாத்து, ஆய்வுக்கும் புதிதாகப் பணியில் சேர்பவர்களின் பயிற்சிக்கும் பயன்படுத்துகிறார்கள். துண்டுகளுக்கு நடுவே கிடைத்த ஒரு பெட்டியில், ஆய்வுக்காகக் கொண்டுபோன சிறு உருளைப்புழுக்கள் உயிரோடு இருந்தன. பிள்ளைகள் இதைக் கேட்டு வியப்பார்கள். சிலர் கண் கலங்குவார்கள். இரண்டுக்கும் இடம் கொடுங்கள்.

நம் நாடும் நினைவு கூர்ந்தது. 2002 செப்டம்பர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் மூலம் ஏவப்பட்ட மெட்சாட் என்ற வானிலைச் செயற்கைக்கோளுக்கு, விபத்து நடந்த நான்காம் நாள் 'கல்பனா 1' என்று பெயர் சூட்டினார் பிரதமர் வாஜ்பாய். அது பத்தாண்டுகளுக்கும் மேலாக நம் கடல்களின் மேல் மேகங்களைப் பார்த்துப் படம் அனுப்பியது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனதை, பாம்பனில் இருந்து போன ரயில் அலையில் மூழ்கியதை நம் மாவட்டத்தில் தாத்தா பாட்டி சொல்லக் கேட்காத குடும்பம் குறைவு. அன்று நமக்கென்று மேலே இருந்து பார்க்கும் கண் எதுவும் இல்லை. பிற்காலத்தில் வந்த அத்தகைய கண்களில் ஒன்றுக்குக் கல்பனாவின் பெயர். விண்வெளி ஆராய்ச்சி யாருக்கு என்று நம் பிள்ளைகள் கேட்டால், மூக்கையூரில் இருந்து கடலுக்குப் போகிறவருக்கு என்று தயங்காமல் சொல்லலாம்.

தமிழ்நாடு அரசு, துணிவும் சாகசமும் காட்டும் பெண்களுக்கு ஆண்டுதோறும் சுதந்திர தின விழாவில் கல்பனா சாவ்லா விருது வழங்குகிறது. 2020-இல் அதைப் பெற்றவர்கள் பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்த மூன்று பெண்கள். கொட்டரை நீர்த்தேக்கத்தில் மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களுக்குத் தங்கள் சேலைகளைக் கழற்றி வீசி இருவரைக் கரை சேர்த்தவர்கள். விண்வெளிப் பொறியாளரின் பெயரில் உள்ள விருது அவர்களிடம் போய்ச் சேர்ந்ததை நான் வகுப்பில் தவறாமல் சொல்வேன்.

நாம் பெயர் சொல்லாமல் விட்டுவிடும் இறப்புகளும் உண்டு. 2004 பிப்ரவரி 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் திட எரிபொருள் தயாரிப்புப் பணியின்போது தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். அவர்கள் ராக்கெட்டில் ஏறியவர்கள் அல்லர், ராக்கெட்டைச் செய்தவர்கள். பிப்ரவரி மாதத்தில் மௌனம் காக்கும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

நான் செய்து பார்த்த சிலவற்றைச் சொல்கிறேன். செலவு அதிகம் இல்லை.

முதலாவது, ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு கணக்கு. நுரைத் துண்டின் நிறை 0.75 கிலோகிராம். வேகம் வினாடிக்கு 230 மீட்டர் என்று வைத்து இயக்க ஆற்றலைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 20,000 ஜூல் வரும். பிறகு, 50 கிலோ நெல் மூட்டையை எத்தனை மீட்டர் உயரத்தில் இருந்து போட்டால் இதே ஆற்றல் கிடைக்கும் என்று கேளுங்கள். 40 மீட்டர் வரும். அதாவது இரண்டு பனை உயரத்தில் இருந்து ஒரு நெல் மூட்டை விழுவதற்குச் சமம். ஸ்பாஞ்சு என்று சிரித்த பிள்ளைகள் வேகத்தின் இருமடியை அதன் பிறகு மறக்கமாட்டார்கள்.

இரண்டாவது, ஃபெய்ன்மனின் சோதனை. பழைய குழாய் வாஷர், ஒரு துணிக் கிளிப், பெட்டிக்கடையில் வாங்கிய ஐஸ் போதும். எல்லா ரப்பரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. இரண்டு மூன்று வகையைச் சோதித்து அட்டவணை போடச் சொன்னால் அதுவே ஒரு செயல்திட்டம் ஆகிவிடும்.

மூன்றாவது, ஐயப் பெட்டி. கேள்வி கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் எழுதிப் போடுவதற்காக வைத்தேன். பாடச் சந்தேகங்கள்தான் வரும் என்று நினைத்தேன். ஒருநாள், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உள்ள சுவிட்சைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்று ஒரு சீட்டு. தலைமையாசிரியர் அன்றே மின்பணியாளரை அழைத்துச் சரிசெய்தார். மறுநாள் வழிபாட்டுக் கூட்டத்தில், பெயர் சொல்லாமல், எழுதிய மாணவரைப் பாராட்டினார். அந்தப் பாராட்டுக்குப் பிறகு பெட்டியில் சீட்டுகள் கூடின. ஓர் எச்சரிக்கைக்கு என்ன மதிப்பு கிடைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த எச்சரிக்கை வரும்.

இது பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள பாடம் இல்லை. நம் கூட்டங்களிலும் ஒரு இளைய ஆசிரியர் எழுந்து, இது நடைமுறைக்கு ஒத்து வராது என்று சொன்னால், மூத்தவர்களாகிய நாம் முதலில் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பார்க்கலாம். எல்லா ஐயமும் சரியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சரிபார்க்கும்வரை எந்த ஐயம் சரி என்று நமக்குத் தெரியாது.

நான்காவது, பெற்றோர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைக்கு வெளியூரில் பொறியியல் இடம் கிடைத்தால், அவ்வளவு தூரம் எதற்கு, ஏதாவது ஆகிவிட்டால் என்று வீட்டில் கேட்கிறார்கள். 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் புதுமைப்பெண் திட்டமும் பணத் தடையைக் குறைத்திருக்கின்றன. பயம் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பயத்தை நாம் ஏளனம் செய்யக் கூடாது. பயம் ஒரு கேள்வி. விடுதி எங்கே, பேருந்து எது, இரவு யாரை அழைக்கலாம், அங்கே நம் ஊர்ப் பிள்ளை யாராவது படிக்கிறாளா என்று ஒவ்வொன்றாகப் பதில் சொன்னால் அது குறைகிறது. கல்பனா தன் பள்ளியை மறக்கவில்லை. அந்தப் பள்ளி மாணவர்கள் நாசாவின் கோடைக்கால நிகழ்ச்சிக்கு வர வழி செய்தார். முன்னால் போனவர் வழி காட்டினால் பின்னால் வருபவருக்குத் தூரம் குறையும். நம் பள்ளி முன்னாள் மாணவிகளை அழைத்துப் பேச வைப்பதை அதனால்தான் வலியுறுத்துகிறேன்.

இனி வரும் பயணங்கள்

கொலம்பியாவுக்குப் பிறகு இரண்டரை ஆண்டு விண்ணோடங்கள் பறக்கவில்லை. 2005 ஜூலையில் மீண்டும் பறந்தபோது, விண்வெளியில் வைத்தே இறக்கையையும் அடிப்பகுதியையும் கேமராவால் சோதிக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. 2011-இல் ஓய்வு பெறும்வரை அதன் பிறகு ஓர் உயிரும் போகவில்லை. கேட்கப்பட்ட கேள்விகள் பின்னால் வந்தவர்களைக் காத்தன.

நம் நாட்டில் ககன்யான் பணி நடந்துவருகிறது. அதற்கெனப் பயிற்சி பெறும் நால்வரில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். ஆபத்து நேர்ந்தால் வீரர்களை ராக்கெட்டில் இருந்து பிரித்துக் காப்பாற்றும் அமைப்பை 2023 அக்டோபர் 21 அன்று ஆள் இல்லாமல் சோதித்தார்கள். புறப்பட ஐந்து வினாடி இருக்கும்போது கணினி ஏதோ மாறுபாட்டைக் கண்டு தானாகவே நிறுத்தியது. நாடே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. காரணத்தைக் கண்டு சரிசெய்து, பத்து மணிக்கு ஏவினார்கள். கலம் வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. 2025-இல் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போன பயணமும், ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு உள்ளிட்ட காரணங்களால் பலமுறை தள்ளிப்போய் ஜூன் 25 அன்றுதான் புறப்பட்டது. தள்ளிப்போன நாட்களை மாணவர்களிடம் தோல்வி என்று சொல்லாதீர்கள். அந்த நாட்களில் யாரோ ஒருவர் தளைநாரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்லுங்கள்.

தோல்வியைத் தாங்குவதற்கும் நம் மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி. 3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபோது அதன் திட்ட இயக்குநர் ராமேசுவரத்தில் பிறந்து ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம். செய்தியாளர்கள் முன் பொறுப்பை ஏற்றவர் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது பேசும் வாய்ப்பைக் கலாமிடம் கொடுத்தார். பழி தலைவருக்கு, புகழ் குழுவுக்கு என்ற அந்தப் பழக்கம் இருந்தால்தான் கீழே உள்ளவர் பயமில்லாமல் உண்மையைச் சொல்வார்.

பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில் குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். நம்மிடம் இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வயதில் அங்கே ராக்கெட்டுகள் புறப்படும் என்று எதிர்பார்க்கலாம். அவர்களில் ஒருத்தி விண்வெளிக்குப் போகலாம். ஒருவன் இணைப்புகளைச் சோதிக்கும் தொழில்நுட்பப் பணியாளராக இருக்கலாம். முன்னவளின் உயிர் பின்னவன் கையில் இருக்கும். ஏதோ சரியில்லை என்று அவனுக்குத் தோன்றும் நாளில், பெரிய அதிகாரிகள் நிறைந்த அறையில் கை தூக்கிச் சொல்லும் பழக்கம் அவனுக்கு இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் இருபத்தைந்து வயதில் திடீரென்று வராது. நம் வகுப்பறையில் கை தூக்கியபோது நாம் என்ன சொன்னோம் என்பதில் இருந்து வரும்.

வரும் பிப்ரவரி 1 அன்று வழிபாட்டுக் கூட்டத்தில் ஏழு பெயர்களையும் ஒரு மாணவர் வாசிக்கட்டும். ஒரு நிமிடம் மௌனம். அதன் பிறகு வகுப்புக்குப் போனதும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்பதுதான். கேட்டுவிட்டு உடனே கரும்பலகைப் பக்கம் திரும்பாமல், கொஞ்ச நேரம் காத்திருப்போம்.